இரு கிணறுகள்



கிணறு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் நாட்டுப்புறத்தாரின் உள்ளம் குளிர்வது இயல்பு. பாலவனத்தத்திலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் ஒருவருக்கு வழிநெடுகக் கண்ணிற்படுவன கரிசல் மண்ணும், சீமைக் கருவேலங்காடும், மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் கண்மாய்களுமே. இத்தகைய சீமையில் ஒரு குடும்பம் கிணறு வெட்டுவதென்பது ஒரு பெண்ணைக் கரையேற்றுவதற்கு ஒப்பான காரியம். நகையை அடகு வைக்கிறார்கள். நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருகிறார்கள். வெட்டியும் உவர்நீர் வந்துவிட்டால் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல தண்ணீர் வந்துவிட்டாலோ, ஊரில் பாதிப் பேர் வந்து கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதே சொல்லை இப்போது வேறொரு பொருளுக்கும் ஆள்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளைத் தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கியது. செய்தி பரவலாக வெளிவந்தது ஆகஸ்டு மாதத்தில்தான். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அப்போது நிதித் துறையோடு சுற்றுச்சூழல் துறையையும் ஏற்றிருந்த அமைச்சர் தங்கம் தென்னரசு, தமிழகத்தின் எந்தப் பகுதியிலும் இத்தகைய திட்டங்களுக்கு மாநில அரசு இடந்தராது என்றும், அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்துக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது என்றும் அறிக்கை வெளியிட்டார். அவர் நம் திருச்சுழித் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவராதலால், அந்த அறிக்கை இங்கே கூடுதல் கவனத்தோடு வாசிக்கப்பட்டது.

முதுகுளத்தூர், பரமக்குடி, கடலாடி என்று அச்செய்தியில் அடிபட்ட ஊர்கள் நமக்குப் புதியவை அல்ல. அங்கெல்லாம் நம் பங்கு மக்கள் பெண் கொடுத்திருக்கிறார்கள், பெண் எடுத்திருக்கிறார்கள். திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு கமுதி வழியாக அவர்களுடைய நிலத்துக்கே போய்ச் சேருகிறது. ஆகவே ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர், "நம்ம ஊருக்கும் வந்துருமா சாமி?" என்று கேட்டது வீண் அச்சத்தினால் அன்று. அவருக்கு அன்று நின்றவாறே சொன்ன விடை போதுமானதாக இல்லை. அதனால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலாவது, நிலவியல். காவிரிப் படுகை என்று அறிஞர்கள் குறிப்பிடுவது காவிரி பாயும் வயல்களை மட்டுமன்று. வடக்கே புதுச்சேரிப் பக்கம் தொடங்கித் தெற்கே இராமநாதபுரத்தையும் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கும் வண்டற்பாறைத் தொகுதி முழுவதற்கும் அதுவே பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறும் கடலும் கொண்டுவந்து அடுக்கிய அந்த அடுக்குகளுக்கிடையேதான் எண்ணெயும் வாயுவும் சிறைப்பட்டிருக்கின்றன. அருப்புக்கோட்டைச் சீமையோ பெரும்பாலும் அதற்கு மேற்கே, பழம் கடும்பாறையின்மேல் பரவிய கரிசல். எனவே நம் காலடியில் எரிவாயு இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் எடுத்த வாயுவைக் கொண்டு செல்லும் குழாய் எந்த ஊர் வழியாகவும் வரலாம். அந்தக் குழாயைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாவது, இந்தக் கிணறு எப்படிப்பட்டது? நம் கிணறு 60 அடி, 80 அடி. ஆழ்துளைக் கிணறு என்றால் பல நூறு அடி. எரிவாயுக் கிணறோ ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் செல்லக்கூடியது. உயர்ந்த இரும்புச் சட்டத்திலிருந்து துளைக்கருவி சுழன்றுகொண்டே இறங்கும். களிமண்ணும் வேதிப்பொருள்களும் கலந்த சேறு உள்ளே செலுத்தப்பட்டுப் பாறைத்தூளைச் சுமந்துகொண்டு மேலேறும். நம் குடிநீர் நிற்கும் மேல் அடுக்குகளுக்குள் வாயுவோ சேறோ கசியாதவாறு எஃகுக் குழாய்களை இறக்கி, அவற்றுக்கும் பாறைக்கும் இடையே சிமெண்டு நிரப்புவார்கள். அந்தச் சிமெண்டு உறை உறுதியாக உள்ளவரை மேலுள்ள நீருக்குப் பாதுகாப்பு; அது பழுதுபட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. வாயு கிடைத்துவிட்டால் கிணற்றின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடைப்பான்களைப் பொருத்துகிறார்கள். கிளை கிளையாக நிற்கும் அந்த அமைப்புக்கு எண்ணெய்த் தொழிலார் இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'கிறிஸ்மஸ் மரம்'! நம் வீட்டுக் குழந்தைகள் அறிந்தால் நட்சத்திரம் கட்டப் போய்விடுவார்கள்.

கிணற்றிலிருந்து வாயு தனியாக வருவதில்லை. அதனுடன் உப்பு மிகுந்த நீரும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வரும். சேகரிப்பு நிலையத்தில் அவற்றைப் பிரித்து, நீரைச் சுத்திகரிக்கவோ மீண்டும் ஆழத்தில் செலுத்தவோ வேண்டும். வாயுவை உலர்த்திக் குழாயில் அனுப்ப வேண்டும். வயலின் நடுவே இரவும் பகலும் எரியும் தீச்சுடரைக் காவிரிப் படுகையில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

இதனால் பயனே இல்லையா என்றால், அப்படிச் சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் மின்வாரியத்தின் மின் நிலையம் அப்பகுதி வாயுவைக் கொண்டே இயங்கி வந்திருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் நீளமுள்ள எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. நாம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடும் யூரியா இந்நாட்டில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே செய்யப்படுகிறது. நிலக்கரியை விட இவ்வாயு புகை குறைவாகவும் எரிகிறது. (சமையல் உருளையில் வருவது இதுவன்று, அது வேறு வாயு. "சாமி, அப்ப சிலிண்டர் விலை குறையுமா?" என்று கேட்ட அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்.) எரிவாயு எடுக்கும் இடமெல்லாம் மறுநாளே பாலைவனமாகிவிடும் என்று துண்டறிக்கைகளில் எழுதுவதும் சரியன்று. மிகைப்படுத்திப் பேசுவோர் தம் நியாயமான வழக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆயினும், ஆபத்து கற்பனையன்று. ஆந்திராவின் கோனசீமைப் பகுதியில் பசர்லபூடி என்னும் இடத்தில் 1995 சனவரியில் ஒரு கிணறு கட்டுமீறி வெடித்து 65 நாள்கள் எரிந்தது. அசாமில் பாக்ஜன் கிணறு 2020 மே 27 அன்று பீறிட்டது. சூன் 9-இல் தீப்பற்றியது. அணைக்கப்பட்டது நவம்பர் 15 அன்று. அருகிலிருந்த ஈரநிலமும் தேயிலைத் தோட்டங்களும் ஆயிரக்கணக்கான ஏழை மக்களின் குடியிருப்புகளும் அதற்கிடையே பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

என் மனத்தை அதிகம் வருத்துவது கோனசீமையிலேயே நகரம் என்ற சிற்றூரில் நடந்தது. அங்கே வெடித்தது கிணறன்று, தென்னந்தோப்புகளிடையே சென்ற குழாய். 2014 சூன் 27, விடியற்காலை. இரவெல்லாம் கசிந்த வாயு ஊரின்மேல் பனிபோல் படர்ந்திருக்கிறது. தேநீர்க் கடையில் அடுப்புப் பற்றவைத்தார்கள். ஊர் முழுதும் தீயாயிற்று. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் உண்டு. பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது யாதெனில், உலர்ந்த வாயுவுக்கென அமைக்கப்பட்ட குழாயில் நீர் கலந்த வாயு சென்றுகொண்டிருந்தது. அந்த நீர் இரும்பை உள்ளிருந்தே அரித்துவிட்டது. வாயுவை உலர்த்தும் கருவியை அமைத்திருந்தால் அந்தத் தேநீர்க் கடையில் அன்றும் தேநீர்தான் கொதித்திருக்கும். பெரிய விஞ்ஞானச் சிக்கல் எதுவும் இல்லை. செய்யவேண்டிய வேலையைச் செய்யவில்லை. தம் காலுக்கடியில் உலர்ந்த வாயு போகிறதா, ஈர வாயு போகிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும் என்று அவ்வூராருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பணக்கார நாடுகளில் இவையெல்லாம் நிகழா என்று எண்ண வேண்டாம். நெதர்லாந்து நாட்டின் வடக்கே குரோனிங்கன் என்னும் உழவர் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் நிலத்தில் மாபெரும் வாயு இருப்பைக் கண்டார்கள். 1963 முதல் எடுத்தார்கள். வாயு குறையக் குறைய நிலத்தடி பாறை அமுங்கி, நிலநடுக்கமே அறியாத அந்தச் சமவெளியில் சிறு சிறு நடுக்கங்கள் தோன்றலாயின. 2012-இல் 3.6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. பழைய செங்கல் வீடுகளும் களஞ்சியங்களும் விரிசல் கண்டன. அரசாங்கம் அந்த வாயுவினால் ஈட்டியது 36,000 கோடி யூரோவுக்கும் மேல் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023-இல் கணக்குச் சொன்னது. வீடு விரிசல் விட்டவர்களோ இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2024-இல் நிரந்தரமாக மூடச் சட்டமும் இயற்றினார்கள். குரோனிங்கன் மக்களின் முதன்மையான மனக்குறை, தாங்கள் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை என்பதே.

நம் நாட்டில் மக்கள் குரல் கேட்கப்பட்டதுண்டா? உண்டு. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரி அடுக்கிலுள்ள மீத்தேனை எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் 2010-இல் ஒப்பந்தம் செய்தார்கள். அம்முறையில் நிலக்கரி அடுக்கின் நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும் என்பதை அறிந்த உழவர்கள் திகைத்துப் போனார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று அதை விளக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று அவர் உயிர் நீத்ததும் அந்தப் பணியின் நடுவில்தான். 2015-இல் தமிழக அரசு அத்திட்டத்தை அறவே மறுத்துவிட்டது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலின் பெயர் பட்டியலில் வந்தது. அவ்வூரார் பிள்ளைகுட்டிகளோடு மாதக்கணக்கில் அமர்ந்து எதிர்த்தனர். அதே ஆண்டு சூன் 30 அன்று தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டபோது, அதிகாரிகள் நேரில் வரவேண்டும் என்று கேட்ட மக்கள்மீது தடியடி நடந்தது.

நெடுவாசலைப் பற்றி நம் வானம்பார்த்த பூமிக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது வாய்க்கால் பாய்ச்சலில் கொழித்த ஊரன்று. ஆழ்துளைக் கிணறுகளின் நீரைக்கொண்டு பலாவும் தென்னையும் மலர்களும் வளர்த்துச் செழிப்பாக்கிய ஊர். நிலத்தடி நீர் போனால் தங்களுக்கு மறுவாழ்வு இல்லை என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போராட்டங்களின் பயனாக 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அங்கே தடை. நல்ல சட்டம்; வரவேற்றோம். ஆனால் அந்த எல்லை இராமநாதபுரத்தைத் தொடவில்லை, நம் விருதுநகர் மாவட்டத்தையும் தொடவில்லை. நெல் விளையும் நிலம் வேளாண் நிலம்; குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் மிளகாயும் விளையும் நிலம் என்ன நிலம்? இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கினார்களே, அது எந்த மண்ணில் விளைந்தது? புன்செய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தரிசு என்று எழுதிவிடும் வழக்கம் நெடுநாளையது. கமுதியருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் எழுந்தபோதும், 'சும்மா கிடந்த நிலந்தானே' என்று பலர் பேசக் கேட்டோம். ஆடு மேய்ப்பவனுக்கும் மழைக்காலத்தில் ஏர் பூட்டுபவனுக்கும் அது ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. மழை தவறிய ஆண்டில் உழாமல் விட்ட புஞ்சையைத் தரிசு என்பது, நோயுற்றுப் படுத்திருப்பவனைச் சோம்பேறி என்பது போலாகும்.

இதனினும் கவலைக்குரியது ஒன்று. 2020 சனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திருத்தத்தின்படி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியதில்லை. உற்பத்திக் கட்டத்துக்கு வரும்போதுதான் மக்களைக் கேட்பார்கள். இராமநாதபுரத்தில் மார்ச்சு மாதம் வந்த அனுமதி ஆகஸ்டு வரை பலருக்குத் தெரியாமல் இருந்ததன் காரணம் இப்போது விளங்கும். வெறும் ஆய்வுதானே என்பார்கள். ஆய்வுக் கிணறும் அதே குடிநீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. அதே சேற்றைத்தான் மேலே கொண்டு வருகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு வாயுவைக் கண்டுபிடித்த பிறகு, 'உங்கள் கருத்தென்ன?' என்று கேட்பது, பரிசமும் போட்டுப் பந்தலும் கட்டிய பின்பு பெண்ணின் சம்மதம் கேட்பதாகும்.

தொடக்க நூலில் ஈசாக்கு தோண்டிய கிணறுகளின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தந்தை ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டு மூடினர். புதிதாகத் தோண்டியவற்றுக்கும் உரிமை கொண்டாடி வழக்கிட்டனர். சண்டையில்லாத இடத்தில் அவர் மூன்றாவது கிணற்றைத் தோண்டினார். வறண்ட நாட்டு மக்களுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்பதை அறிந்தவர் எழுதிய பகுதி அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலும், ஒரு திட்டத்தைப் பற்றிய ஆலோசனையில் அவ்விடத்து மக்களுக்கே தனியிடம் உண்டு என்று கூறியிருக்கிறார்.

இனி, குழாய்க்கு வருகிறேன். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின்படி, குழாய் பதிக்கும் பாதையில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பட்டா மாறாது, வரியும் நீங்களே கட்டுவீர்கள். ஆனால் அப்பாதையின்மேல் வீடு கட்டலாகாது, மரம் வைக்கலாகாது, குளம் வெட்டலாகாது, கிணறும் தோண்டலாகாது. பயிருக்கும் பிறவற்றுக்கும் நேர்ந்த சேதம் நீங்கலாக, இதற்கென அச்சட்டம் வகுத்த ஈடு நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு. அறிவிக்கை வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்களே தவணை. ஆகவே எவரேனும் வந்து, 'ஒன்றுமில்லை, குழாய்தான். மேலே உழுதுகொள்ளலாம்' என்று சொன்னால், உழலாம் என்பது உண்மை. ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. குத்தகைப் பத்திரமோ ஒப்புதல் பத்திரமோ எதுவாயினும், படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதும் வாசித்துக் கேளுங்கள். எத்தனை ஆண்டுகள்? கழிவு நீர் எங்கே போகும்? கிணற்றைக் கைவிட்டால் யார் மூடுவது, நிலத்தை யார் பழைய நிலைக்குக் கொண்டு வருவது? நம் கிணற்று நீரை வேலை தொடங்கும் முன்னரே பரிசோதித்து எழுத்தில் வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். முன்பு எப்படி இருந்தது என்ற சான்று கையில் இல்லாதவன், பின்பு கெட்டுவிட்டது என்று எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது.

கிராம சபைத் தீர்மானத்தால் ஒரு திட்டம் சட்டப்படி நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். டெல்டா ஊர்களில் சபைகள் தீர்மானம் போட்டபோது அதை ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆயினும் அந்தத் தாள்கள்தாம் அரசின் மேசையில் சேர்ந்து, பின்னர் சட்டம் வருவதற்கு வழிசெய்தன. இப்போது தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். ஆகஸ்டு 15 தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவரின் பெருவிழா. கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவதால் சபையில் நம்மவர் தலை தென்படுவதில்லை என்று ஊராட்சித் தலைவர் குறைப்பட்டுக்கொண்டார். இனி அந்த மூன்று நாள்களிலும் காலைத் திருப்பலி ஆறு மணிக்கே தொடங்கும். மறையுரையையும் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்கிறேன்.